சோரல் கீரை வளர்ப்பும் சமையலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதை பாக்கெட்டில் 'சோரல்' என்று பார்த்து ஆசையாக வாங்கிவிட்டு, செடி வளர்ந்ததும் இதை என்ன செய்வது என்று முழிப்பவர்கள் நிறையப் பேர். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் வருடம் மற்ற கீரைகளைப் போலவே ஒரு பெரிய கட்டு அறுத்து, வதக்கி, தட்டு நிறையப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாவது வாயிலேயே பல் கூசிவிட்டது. இது கீரை வடிவத்தில் வந்திருக்கும் எலுமிச்சம்பழம் என்று புரிய இன்னும் கொஞ்ச நாள் ஆனது. அதற்குப் பிறகு என்னிடம் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சோரல் என்றால் புளிச்சகீரைதானே?

இல்லை. இரண்டும் புளிக்கும், உறவு அத்தோடு சரி. புளிச்சகீரை செம்பருத்தியின் சொந்தம். சோரல், ருபார்ப், பக்வீட் இவை மூன்றும் பாலிகோனேசியே என்கிற வேறொரு குடும்பம். சோரலின் தாவரவியல் பெயர் ரூமெக்ஸ் அசிடோசா.

குழப்பமெல்லாம் ஆங்கிலப் பெயரால் வந்தது. கரீபியன் தீவுகளில் புளிச்சகீரை இனத்துச் சிவப்புப் புல்லிவட்டத்தை ஊறவைத்துச் செய்யும் பானத்துக்கும் சோரல் என்றுதான் பெயர். மூன்று மூன்று இதய வடிவச் சிற்றிலைகளோடு தரையில் படரும் புளியாரைக்கும் ஆங்கிலத்தில் சோரல் என்று முடியும் பெயர் உண்டு. பெயரைத் தமிழில் 'சாரல்' என்று எழுதினாலோ மழைத் தூறலே வந்துவிடும்.

நமக்குப் பழக்கமான சுக்கான்கீரைதான் இதற்கு மிக நெருங்கிய உறவு. அதுவும் ரூமெக்ஸ்தான், ரூமெக்ஸ் வெசிகேரியஸ். ஆனால் அது ஒரே பருவத்தில் விதைத்து, பூத்து, முடிந்துபோகும். சோரல் ஒருமுறை வேர் பிடித்தால் வருடக்கணக்கில் அதே இடத்தில் இருக்கும். சமையல் குறிப்புகளில் இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். வளர்ப்புக் குறிப்புகள் அப்படி மாற்றிக்கொள்ள ஆகாது.

எந்த வகையை வாங்குவது?

முதல் செடி என்றால் ரூமெக்ஸ் அசிடோசாவே போதும். அம்பு முனை போன்ற நீண்ட பெரிய இலை, கைநிறைய விளைச்சல், தெளிவான புளிப்பு. 'பெல்வில்' என்ற பழைய பிரெஞ்சு ரகத்தின் இலை நல்ல அகலம்.

ரூமெக்ஸ் ஸ்குடேடஸ் குட்டையாகப் படரும். கேடயம் போன்ற சின்ன இலை, சற்றே சாம்பல் பூத்த பச்சை. எலுமிச்சை வாசம் இதில்தான் அதிகம், பச்சையாகத் தின்ன இதுதான் எனக்குப் பிடிக்கும். கற்கள் கலந்த, காய்ந்த மண்ணிலும் சமாளித்துக்கொள்ளும். 'பிரெஞ்சு சோரல்' என்று இரண்டையுமே விற்கிறார்கள் என்பதால், பாக்கெட்டில் தாவரவியல் பெயரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சிவப்பு நரம்பு ஓடும் ரூமெக்ஸ் சாங்குனியஸ் பார்க்க அழகு, ருசியில் மந்தம். இளம் இலையைச் சாலட்டில் நிறத்துக்காகப் போடலாம், முற்றினால் வெறும் சக்கை. ஆட்டுச் சோரல் எனப்படும் ரூமெக்ஸ் அசிடோசெல்லாவைத் தெரிந்தே யாரும் நடவேண்டாம். வேரிலிருந்தே கிளைத்துக் கிளைத்துத் தோட்டம் முழுக்கப் போய்விடும்.

புளிப்பு எங்கிருந்து வருகிறது?

ஆக்ஸாலிக் அமிலமும் அதன் பொட்டாசிய உப்பும்தான் காரணம். அந்த அமிலத்துக்குப் பெயர் வந்ததே ஆக்ஸாலிஸ் எனும் புளியாரை இனத்திலிருந்துதான். 1824இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரெட்ரிக் வோலர் இதே அமிலத்தை ஆய்வகத்தில் உருவாக்கிவிட்டார், அவருக்குப் பெரும் பெயர் வாங்கித்தந்த யூரியாவுக்கு நான்கு வருடம் முன்பே. இந்த இலைகளிலிருந்து எடுத்த உப்பைத் துணியில் படிந்த துருக்கறையையும் மைக்கறையையும் போக்க அந்தக் காலத்தில் பயன்படுத்தினார்கள். இரும்பைக் கண்டால் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாத்திரம் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

விதையிலிருந்து வளர்ப்பது கஷ்டமா?

சுலபம். விதை பழுப்பு நிறத்தில், பளபளப்பாக, மூன்று பட்டையோடு எண்ணெய் தேய்த்தது போல இருக்கும். அரை சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் புதைக்காதீர்கள். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைத்துவிடும். முதலில் வரும் இலைகளில் அம்பு வடிவத்தைத் தேடாதீர்கள், கொஞ்சம் உருண்டையாகத்தான் இருக்கும். களை என்று நினைத்து ஒருமுறை பாதி நாற்றுகளை நானே பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

செடிக்குச் செடி 30 சென்டிமீட்டர் இடைவெளி. சின்ன நாற்றாக இருக்கும்போது இது அநியாயத்துக்கு அதிகமாகத் தெரியும், மறுவருடம் போதாமல் போகும்.

மண், வெயில், தண்ணீர்?

மக்கிய உரம் கலந்த, ஈரம் தங்கும், ஆனால் தண்ணீர் தேங்காத மண். லேசான அமிலத்தன்மை பிடிக்கும், பிஎச் 5.5 முதல் 6.8 வரை நல்லது. குளிரை அசாத்தியமாகத் தாங்கும். உறைபனியில் இலை எல்லாம் கருகிப்போனாலும் வேர் உயிரோடிருந்து, குளிர் விட்டதும் முதல் ஆளாக எழுந்து வரும்.

அதன் பலவீனம் வெப்பம். அனல் அடிக்கும் இடங்களில் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் மூலையில் வையுங்கள். அடியில் வைக்கோலோ சருகோ மூடாக்காகப் போட்டால் வேர் குளிர்ச்சியாக இருக்கும். அப்படியும் தாங்காத ஊர் என்றால் பிடிவாதம் பிடிக்காமல் சுக்கான்கீரைக்கு மாறிவிடுங்கள். குளிர்ந்த மாதங்களில் விதைத்து, வெயில் ஏறுவதற்குள் அறுத்து முடித்துவிடலாம்.

தொட்டியில் வருமா?

வரும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் என்பதால் 25 சென்டிமீட்டராவது ஆழமுள்ள தொட்டி வேண்டும். தொட்டி மண் சீக்கிரம் காயும், காய்ந்தால் செடி கோபித்துக்கொண்டு உடனே பூத்தண்டு விடும்.

ஒரு குடும்பத்துக்கு எத்தனை செடி?

மூன்று, நான்கு. இலையைப் புளிப்புக்காகச் சேர்க்கும் வீட்டுக்கு இதுவே தாராளம். அடிக்கடி சூப் வைப்பவர்கள் என்றால் எட்டுப் பத்து வரை போகலாம், ஏனென்றால் சட்டியில் போட்டால் கூடை இலை கரண்டியளவாகச் சுருங்கிவிடும்.

எப்போது, எப்படிப் பறிப்பது?

விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இலை உள்ளங்கை நீளம் வந்திருக்கும். அப்போதிலிருந்து பறிக்கலாம். வெளிவட்டத்து இலைகளைக் காம்போடு அடியில் கிள்ளி எடுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய காகிதம் போன்ற ஒரு உறை சுற்றியிருக்கும், கை பட்டால் கொஞ்சம் வழவழவென்றும் இருக்கும். அழுகல் என்று பயப்படவேண்டாம், இந்தக் குடும்பத்துச் செடிகள் பெரும்பாலானவற்றுக்கு உள்ள அடையாளம் அது.

இளம் இலை மென்மையாகவும் மிதமான புளிப்போடும் இருக்கும். முற்றியது தடித்து, புளிப்போடு கசப்பும் ஏறியிருக்கும். பறிக்காமல் விட்டால் அத்தனையும் முற்றிவிடும் என்பதால், சமைக்காத வாரத்திலும் சில இலைகளைக் கிள்ளி உரக்குழியில் போட்டுவிடுவது என் வழக்கம்.

நடுவிலிருந்து ஒரு தண்டு விறுவிறுவென்று எழும்புகிறதே?

பூத்தண்டு. பகல் நீள நீள, வெயில் ஏற ஏற இப்படி வரும். பார்த்த அன்றைக்கே அடியோடு வெட்டுங்கள். விட்டுவிட்டால் செடியின் சத்தெல்லாம் அங்கே போய், கீழே இலைகள் சிறுத்துக் கசக்கும். வெட்டிய பிறகும் இன்னொன்று வரும், அதையும் வெட்டுங்கள். இந்த விளையாட்டு வேண்டாம் என்பவர்களுக்குப் பூக்காத 'புரொஃப்யூஷன்' ரகம் இருக்கிறது. அது விதையாகக் கிடைக்காது, செடியாகத்தான் வாங்க வேண்டும்.

சோரலில் ஆண் செடி, பெண் செடி உண்டாமே?

உண்டு, பப்பாளி மாதிரி. ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும் பால் குரோமோசோம்கள் தாவரங்களிலும் இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்த செடிகளில் இதுவும் ஒன்று. ஜப்பானிய விஞ்ஞானிகளான கிஹாராவும் ஓனோவும் 1923இல் கண்டது இது. பெண் செடிக்கு 14 குரோமோசோம், ஆணுக்கு 15. ஆணுக்கு ஒரு எக்ஸும் இரண்டு ஒய்யும் இருப்பதால்தான் இந்த ஒற்றைப்படைக் கணக்கு.

இலையின் ருசியில் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரிந்ததில்லை. ஆனால் தோட்டக்காரருக்கு இதில் ஒரு லாபம் உண்டு. ஆண் செடி விதை போடாது. ஒருமுறை பூக்க விட்டு எது ஆண் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதன் தூரை மட்டும் பிரித்துப் பிரித்து நட்டுவந்தால், கண்ட இடத்தில் முளைக்கும் தொல்லை குறையும்.

தூரை எப்படிப் பிரிப்பது?

மூன்று நான்கு வருடத்தில் தூர் நெரிசலாகி, நடுப்பகுதி தளர்ந்து, இலை சின்னதாக வரத் தொடங்கும். வளர்ச்சி மந்தமாக இருக்கும் குளிர்ந்த நாளில் மண்வாரியால் ஆழமாகத் தோண்டி எடுங்கள். கூரான கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு குருத்தும் கொஞ்சம் வேரும் இருக்கும்படி வெட்டுங்கள். வெளி ஓரத்துத் துண்டுகள்தான் இளசு, அவற்றை நட்டுவிட்டு நடுத்துண்டைத் தூக்கிப் போடுங்கள். பழைய இடத்தில் விட்டுப்போன வேர்த்துண்டும் முளைக்கக்கூடும், ஆச்சரியப்படாதீர்கள்.

இலையெல்லாம் ஓட்டை. எது தின்கிறது?

ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், பாதி நேரம் நத்தையோ ஓடில்லாத நத்தையோதான். பகலிலேயே உலோகப் பச்சையில் மின்னும் குட்டி வண்டும் இலையடியில் மஞ்சள் முட்டைக் கொத்தும் தெரிந்தால் அது இந்தக் குடும்பத்துச் செடிகளையே தேடிவரும் இலை வண்டு. முட்டையிருக்கும் இலையைக் கிள்ளிப் போட்டால் போதும். இலைக்குள் வெளிர்க்கோடுகள் ஓடினால் சுரங்கப் பூச்சி, அந்த இலையையும் அகற்றுங்கள். அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். தின்னப்போகிற இலை, மருந்து வேண்டாம். ரொம்ப மோசமானால் செடியை அடியோடு மொட்டையடித்துவிடுங்கள், சில வாரத்தில் சுத்தமான இலை வரும்.

பச்சையாகச் சாப்பிடலாமா?

இளம் இலை என்றால் தாராளமாக. மெல்லிய கீற்றுகளாக அரிந்து மற்ற சாலட் இலைகளோடு நாலில் ஒரு பங்கு போடுங்கள். அப்போது எலுமிச்சையோ வினிகரோ தேவைப்படாது, எண்ணெயும் உப்பும் போதும். 100 கிராம் பச்சை இலையில் 48 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி உண்டு, சமைத்தால் அதில் ஒரு பங்கு போய்விடும்.

சமைத்ததும் ஏன் இப்படிப் பழுப்பாகிறது? நான் ஏதாவது தப்பு செய்துவிட்டேனா?

தப்பில்லை. சூடான சட்டியில் விழுந்த சில நொடிகளில் பளிச்சென்ற பச்சை ராணுவ உடை நிறத்துக்கு மாறிவிடும், முதல்முறை பார்ப்பவர் திகைத்துத்தான் போவார். பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. இலை வெந்ததும் அதன் சொந்த அமிலமே அந்த அணுவை வெளியே தள்ளிவிடுகிறது, பச்சையும் அதோடு போய்விடுகிறது. சோடா உப்பு போட்டால் நிறம் நிற்கும், ஆனால் புளிப்பு செத்துவிடும், அப்புறம் சோரல் எதற்கு? நிறம் வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி பசலை சேர்த்துக்கொள்ளுங்கள். அல்லது பச்சை இலையை அரைத்து, அடுப்பை அணைத்த பிறகு கலந்துவிடுங்கள்.

எந்தப் பாத்திரம்?

எவர்சில்வர், எனாமல், மண்சட்டி, கண்ணாடி எதுவானாலும் சரி. இரும்பும் பூச்சில்லாத அலுமினியமும் செம்பும் கூடாது. நன்றாகப் பழகிய இரும்புச்சட்டி ஒன்றில் நான் ஒருமுறை வதக்கினேன். கீரை கறுத்தது, வாயில் வைத்தால் ஆணியை நக்கியதுபோல் இருந்தது. சட்டியின் எண்ணெய்ப் பூச்சும் திட்டுத் திட்டாகப் போயிற்று. துருவை எடுக்கும் உப்பு என்று மேலே சொன்னேனே, அதே வேலையை என் சட்டியில் காட்டிவிட்டது. இலை அரியவும் எவர்சில்வர் கத்திதான்.

எதோடு சேர்த்துச் சமைப்பது?

புளிப்பைத் தாங்கும் கொழுப்பும் மாவுச்சத்தும் எதில் இருக்கிறதோ அதோடு. வெண்ணெய், கிரீம், முட்டை, உருளைக்கிழங்கு, பருப்பு, கொழுப்புள்ள மீன்.

அடிப்படை ஒன்றைக் கற்றுக்கொண்டால் போதும். இலையை நடுநரம்போடு இரண்டாக மடித்து, காம்பைப் பிடித்து நுனிப் பக்கம் இழுங்கள், நரம்பு நாராக உரிந்துவரும். இளம் இலைக்கு இது தேவையில்லை. பிறகு நான்கைந்து இலையைச் சுருட்டி மெல்லியதாக அரிந்து, உருகிய வெண்ணெயில் போட்டுக் கிளறுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே மசிந்து கூழாகிவிடும், மிக்சி தேவையில்லை. இந்தக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு எதையும் செய்யலாம். ஆம்லெட்டுக்குள் ஒரு கரண்டி வைத்து மடிக்கலாம். மசித்த உருளைக்கிழங்கில் கலக்கலாம். கொஞ்சம் கிரீம் விட்டால் மீனுக்குச் சாஸ்.

போலந்திலும் உக்ரைனிலும் சோரல் சூப்பில் வேகவைத்த முட்டையை வெட்டிப் போட்டு, மேலே புளித்த கிரீம் விடுகிறார்கள். பிரான்சின் ரொவான் நகரில் உணவகம் நடத்திய த்ருவாக்ரோ சகோதரர்களுக்கு 1960களில் புகழ் தேடித்தந்தது சோரல் சாஸில் வைத்த சால்மன் மீன். அதில் இலையைக் கடைசி நொடிகளில்தான் சாஸில் போடுவார்கள். இரண்டு சமையலும் ஒன்றுக்கொன்று எவ்வளவோ தூரம், ஆனால் புளிப்புக்கு எதிரே கொழுப்பை நிறுத்தும் கணக்கு ஒன்றுதான்.

வெறும் பாலை ஊற்றினால் திரிந்துபோகும். கிரீமில் கொழுப்பு அதிகம் என்பதால் அது தாங்கும்.

சூப்பில் உருளைக்கிழங்கு வேகவே மாட்டேன் என்கிறது.

சோரலை முதலிலேயே போட்டிருப்பீர்கள். புளிப்பு இருக்கும் தண்ணீரில் காயும் பருப்பும் இளக நேரமாகும். எல்லாம் மசிய வெந்த பிறகு கடைசியில் போடுங்கள். இலைக்கு இரண்டு நிமிடம் போதும்.

ஆக்ஸாலிக் அமிலம் ஆபத்து என்கிறார்களே?

அளவு மீறினால் ஆபத்துதான், மழுப்ப வேண்டியதில்லை. ஸ்பெயினில் நீரிழிவு நோயாளி ஒருவர் அரைக் கிலோ அளவு சோரல் போட்ட சூப்பைக் குடித்து இறந்துபோனதாக 1989இல் மருத்துவ இதழ் ஒன்றில் பதிவாகியிருக்கிறது. அப்படி ஒரு அளவை ஒரே வேளையில் யாரும் சாப்பிடக்கூடாது. சாலட்டில் ஒரு கைப்பிடி, குடும்பத்துக்கே வைக்கும் சூப்பில் ஒரு கட்டு என்று போகும் ஆரோக்கியமானவருக்குப் பசலையைவிட இதில் பயப்பட அதிகம் ஒன்றுமில்லை.

சிறுநீரகக் கல் வந்தவர்களின் கதை வேறு. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கல் வந்தவர்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது, ஆசையிருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மற்றவர்கள் தயிர், பாலாடைக்கட்டி, கிரீம் என்று கால்சியம் உள்ளதோடு சேர்த்துச் சாப்பிட்டால், ஆக்ஸலேட் குடலிலேயே கால்சியத்தோடு பிணைந்து வெளியேறிவிடும், ரத்தத்தில் சேர்வது குறையும். இலையை நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்தாலும் கணிசமாகக் குறையும், ஆனால் ருசியும் அந்தத் தண்ணீரோடு போய்விடும். நான் வடிப்பதில்லை, அதற்குப் பதில் கொஞ்சமாகப் போடுகிறேன்.

சாப்பிட்டதும் பல் நறநறவென்று ஏதோ பூசியதுபோல் இருக்கிறது.

ஆக்ஸலேட்தான், பசலை தின்றாலும் இப்படி இருக்கும். வாயைக் கொப்பளித்தால் போய்விடும். புளிப்பு பட்டதும் உடனே பல் தேய்க்காதீர்கள், அரை மணி நேரம் பொறுங்கள்.

காட்டில், வயலோரத்தில் வளர்வதைப் பறிக்கலாமா?

நன்றாக அடையாளம் தெரிந்தால் மட்டும். ஐரோப்பாவில் ஏரம் என்ற நச்சுச்செடியின் இளம் இலையும் அம்பு வடிவத்தில், அதே பருவத்தில், அதே மாதிரி ஈர இடங்களில் வரும். சோரலில் இலையடியின் இரு காதுகளும் கூராகப் பின்னோக்கி நிற்கும், காம்படியில் அந்தக் காகித உறை இருக்கும். ஏரத்தில் காது மழுங்கியிருக்கும், உறை கிடையாது, நரம்புகள் வலைபோலப் பின்னியிருக்கும். வாயில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஏரத்தின் ஊசிப் படிகங்கள் நாக்கையும் தொண்டையையும் குத்தி வீங்க வைத்துவிடும்.

மிஞ்சிய இலையை எப்படி வைப்பது?

கழுவாமல், லேசாக ஈரமான துணியில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஃபிரிஜ்ஜில் நாலைந்து நாள் தாங்கும். காய வைப்பது வீண், வாசமும் புளிப்பும் மங்கி வெறும் சருகுதான் மிஞ்சும். வெண்ணெயில் மசித்த கூழை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பையில் போட்டுவையுங்கள். எலுமிச்சம்பழம் தீர்ந்த நாளில் சூப்பில் ஒரு கட்டியைப் போட்டால் வேலை முடிந்தது.

ஒரு மாதம் வெளியூர் போய் வந்தேன். செடி இடுப்பளவு பூத்து, இலையெல்லாம் கசக்கிறது. பிடுங்கிவிடவா?

வேண்டாம். தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் மொத்தத்தையும் வெட்டி, ஒரு கை மக்கிய உரம் போட்டு, நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் நடுவிலிருந்து புது இலை வந்துவிடும். வெட்டிய தண்டில் விதை பழுத்துச் சிவந்திருந்தால் உரக்குழியில் போடாதீர்கள், அடுத்த வருடம் உரம் போட்ட இடமெல்லாம் சோரலாக நிற்கும்.